அன்பின் கடன்: ஒரு மளிகைக் கடைக்காரியின் குறிப்புகள்

பொறையாற்றுக்குப் பக்கத்தில், தரங்கம்பாடிக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 1999இல் என் கணவர் இறந்தார். அதன்பிறகு கல்லாவில் நான் உட்கார்ந்தேன். கடையோடு இரண்டு ஏக்கர் நிலமும் உண்டு. எங்களுடையது கடைமடைப் பகுதி. தண்ணீர் நேரத்துக்கு வந்தால் குறுவையும் சம்பாவும். வராவிட்டால் சம்பா மட்டும். பாட்டனார் காலத்திலிருந்து நாங்கள் லுத்தரன் சபையார். ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன்.

போன ஆண்டு திடப்படுத்தல் வகுப்புக்கு வந்த ஒரு பெண்பிள்ளை என்னிடம் கேட்டாள்: “பிறரிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பது தெரிகிறது, டீச்சர். நாளைக் காலையில் எழுந்ததும் நான் என்ன செய்ய வேண்டும்?” அன்று நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். “ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. யாருக்கு நீ என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுது.”

அவள் வேறு ஏதோ எதிர்பார்த்தாள் என்று முகத்திலேயே தெரிந்தது. முதியோர் இல்லத்துக்குப் போவது, ஏழைகளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது என்று நினைத்திருப்பாள். அவையும் நல்லவைதான். ஆனால், கொடுக்க வேண்டியதை வைத்துக்கொண்டே தர்மம் செய்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் அப்படி இருந்தவள்தான். ஆகையால் கடனிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

நோட்டு

கடைக்காரர் எல்லோரிடமும் ஒரு கடன் நோட்டு இருக்கும். யார் நமக்குத் தர வேண்டும் என்பது அதில் இருக்கும். எனக்கு இன்னொரு நோட்டும் உண்டு. அதில் நான் யாருக்குத் தர வேண்டும் என்று எழுதுகிறேன். சனிக்கிழமை இரவு கடையை அடைத்த பிறகு, கல்லாவிலேயே உட்கார்ந்து பத்து நிமிடம் எழுதுவேன். சனிக்கிழமை ஏன் என்றால், மறுநாள் காணிக்கை போடப் போகிறோம். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். பாதி வழியில் திரும்பி ஓடுவதைவிட முந்தின இரவே பார்த்துவிடுவது நல்லது.

அந்த நோட்டில் பணக் கணக்கு மட்டும் இருக்காது. பால்காரருக்குப் போன மாத பாக்கி. பக்கத்து வீட்டில் சாம்பார் வாங்கி வந்த தூக்கு இன்னும் என் அலமாரியில் இருப்பது. ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்று வாக்குக் கொடுத்து மறந்துபோன விதவைப் பென்ஷன் விண்ணப்பம். கோபத்தில் விட்ட ஒரு வார்த்தை. போயிருக்க வேண்டிய துக்க வீடு. ஆளையும் பொருளையும் எழுத வேண்டும். ‘எல்லோரிடமும் பொறுமையாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அதை யாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. ‘தெற்குத் தெரு அக்காவுக்குத் தூக்கைத் திருப்ப வேண்டும், வெறும் தூக்காகக் கொடுக்கக் கூடாது’ என்று எழுதினால் திங்கட்கிழமைக்குள் முடிந்துவிடும்.

பவுல் ரோமருக்கு எழுதுகிறார்: “ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்.” அன்பையே அவர் கடன் என்கிறார். கடைக்காரிக்கு இது நன்றாகப் புரியும். கடன் என்றால், கொடுத்த பிறகு பெருமைப்பட அதில் ஒன்றும் கிடையாது.

கூலி

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். டெல்டாவில் கால் ஏக்கர் வைத்திருந்தாலும் நாம் யாரோ ஒருவருக்குக் கூலி கொடுக்கிறவர்தான்.

பதினைந்து பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புரட்டாசி மாதம். சம்பா நடவு. பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். மாலையில் என்னிடம் நூறு ரூபாய்த் தாள்கள் போதவில்லை. “நாளைக்குக் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. மணி ஏழு இருக்கும், அவர்களில் ஒரு அக்கா கடைக்கு வந்தார். சேலைத் தலைப்பு இன்னும் ஈரமாக இருந்தது. கணுக்காலுக்கு மேல் சேறு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு கிலோ அரிசி, நூறு துவரம்பருப்பு, ஐம்பது மில்லி எண்ணெய் கேட்டார். எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தேன். “கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா” என்றார். எழுதிக்கொண்டேன். அவர் பெயருக்கு நேராக, பழைய பாக்கிக்குக் கீழே, கை நடுங்காமல் எழுதினேன்.

கடையை அடைத்துவிட்டு இரவு ஜெபத்துக்கு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அவருடைய அன்றையக் கூலி என் வீட்டில் இருக்கிறது. அவரோ தன் பிள்ளைகளுக்குச் சோறு பொங்க என்னிடமே கடன்பட்டுப் போயிருக்கிறார். “கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது” என்ற லேவியராகமத்து வசனத்தை ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அன்றைக்கு முன்பு அது எனக்கு வெறும் வசனமாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டில் சில்லறை மாற்றிக்கொண்டு, டார்ச் விளக்கோடு அவர்கள் தெருவுக்குப் போனேன். ஒன்பது மணி ஆகிவிட்டது. பன்னிரண்டு வீட்டிலும் கொடுத்தேன். அந்த அக்கா வீட்டில், “இந்த நேரத்தில் எதற்கு அம்மா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அந்தத் தெருவில் ஒரு வாய்த் தண்ணீர்கூட அதுவரை நான் குடித்ததில்லை. அன்று குடித்தேன்.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படும்.

வேலைக்கு முந்தின நாளே சில்லறை எடுத்து வைத்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு கவர் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. போனில் பணம் அனுப்புகிறேன் என்றால், அந்தப் பெண்ணின் சொந்த எண்ணுக்குத்தானா என்று கேளுங்கள். பல வீடுகளில் அது கணவனின் எண்ணாகவோ மகனின் எண்ணாகவோ இருக்கும். அனுப்பிய பணம் எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. வேலை செய்தவரின் கையில் கொடுங்கள். எவ்வளவு கூலி என்பதை வயலில் இறங்குவதற்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் பேசிவிடுங்கள். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் அரைக் கூலி என்று குறைக்காதீர்கள். மழையை அவர்கள் கூப்பிடவில்லை. கொடுத்த டீயையும் வடையையும் கூலியில் கழிக்காதீர்கள். ‘கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் இன்னும் வரவில்லை’ என்ற காரணத்தை வேலை செய்தவரிடம் சொல்லாதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொள்ள நம்மிடம் ஒரு தோடாவது இருக்கும். அவரிடம் அன்றைய மாலை மட்டுமே இருக்கிறது.

வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் இதேதான். ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி. அவராக வாய்திறந்து கேட்கும்படி வைக்காதீர்கள்.

இதை எழுதும்போது கீழ்வெண்மணியைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அன்றைய கீழத்தஞ்சையில், 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்டதிலிருந்து மூண்ட பகையில், 44 தலித் மக்கள் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். எனக்கு அப்போது நான்கு வயது. அந்த நாளில் நாங்கள் புதுச்சட்டை போட்டு ஆலயத்துக்குப் போய்வந்திருப்போம். விவரம் தெரிந்த பிறகு, ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு ஆராதனையிலும் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. “உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று யாக்கோபு எழுதியது ஏதோ தூர தேசத்து வயலைப் பற்றியது என்று டெல்டாவில் யாராலும் சொல்ல முடியாது.

தராசு

கடைக்காரர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகளில் இருக்கிறது. இப்போது எல்லாம் எலக்ட்ரானிக் தராசு. ஆனாலும் பொருள் வைப்பதற்கு முன்பு காலிக் கவரை வைத்துப் பூஜ்யம் காட்டச் செய்யலாம், செய்யாமலும் விடலாம். செய்யுங்கள். எண் தெரியும் பக்கத்தை வாங்குகிறவர் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு எடையை வாயால் சொல்லுங்கள். புது அரிசியைப் பழைய அரிசி என்று விற்காதீர்கள்.

டம்ளரும் நாற்காலியும்

என் பிறந்த வீட்டுத் தாழ்வாரத்தில், இறவாணத்தில் ஒரு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் காபி. குடித்துவிட்டு அவர்களே கழுவி, அவர்களே மறுபடி செருகிவிட்டுப் போவார்கள். கூடத்தில் இயேசு சுவாமி படத்துக்குக் கீழே, ‘கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர்’ என்று எழுதிய பலகை தொங்கும். என் அம்மா நல்லவர். பசி என்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அந்த டம்ளரும் அங்கேதான் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன என்பதைப் பிள்ளைகளுக்கு நான் மறைப்பதில்லை.

என் கைக்குக் குடித்தனம் வந்ததும் முதலில் செய்தது, எல்லோருக்கும் ஒரே டம்ளர் என்று ஆக்கியதுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டம்ளரை மாற்றினால் மட்டும் போதாது. குடித்து முடித்ததும் அவர்கள் பழக்கத்தில் கழுவப் போவார்கள். “கொடுங்கள் அக்கா” என்று கையிலிருந்து வாங்கி நாமே கழுவ வேண்டும். முதல் இரண்டு தடவை அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதைப் பெரிதாக்கிப் பேசாதீர்கள். ‘எங்கள் வீட்டில் நாங்கள் வித்தியாசம் பார்க்க மாட்டோம்’ என்று சொல்லிக் காட்டினால், அந்தச் சொல்லே ஒரு வித்தியாசம். வாங்கிக் கழுவிவிட்டு வேறு பேச்சைப் பேசுங்கள்.

அடுத்தது விளிப்பு. அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், ‘வா, போ’ என்பதும் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் நின்றபாடில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். அந்தப் பெரியவர் காதில் விழும்படி திருத்துங்கள். ‘ஐயா’, ‘அண்ணே’, ‘அக்கா’, ‘அம்மா’ என்று நம் மொழியில் உறவுச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. என் மகனுக்கு எட்டு வயதில் இதைத் திருத்தினேன். “எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்” என்றான். “உன் தாத்தாவை அப்படிக் கூப்பிடுவாயா?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் “தாத்தா, அம்மா கூப்பிட்டார்கள்” என்று அவரிடம் போய்ச் சொன்னான். அந்தப் பெரியவர் திரும்பி, வேறு யாரையோ சொல்கிறான் என்று பின்னால் பார்த்தார்.

இனி ஆலயத்துக்குள் வருவோம். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தைக்காரனுக்குப் பாதபடியருகே இடம் என்று செய்வதை யாக்கோபு இரண்டாம் அதிகாரம் கடுமையாகக் கண்டிக்கிறது. எங்கள் பகுதிச் சபைகளில் சாதிக்கு ஒரு பக்கம் என்று உட்கார்ந்த காலம் உண்டு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபையில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். அது நடந்து இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. இன்றும் பெண் பார்க்கும்போது, ‘நல்ல விசுவாசக் குடும்பமா?’ என்ற கேள்விக்கு அடுத்து என்ன கேட்கிறோம் என்று நமக்குத் தெரியும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் கோடு இருக்கிறது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்கும் இடத்தைப் பிரித்து வைப்பது எனக்குத் தாங்க முடியாத வேதனை.

நீங்கள் தனியாளாக என்ன செய்யலாம்? ஞாயிறன்று வழக்கமான பெஞ்சை விட்டு, பேசிப் பழகாத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் கைகொடுத்துவிட்டு நகராமல் ஊர், பிள்ளைகள், படிப்பு என்று பேசுங்கள். அவர் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் மொய் மட்டும் கொடுத்தனுப்பாமல் போங்கள். போனால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ‘வயிறு சரியில்லை, காபி மட்டும் போதும்’ என்பது நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிற சொல். அதைச் சொல்லிவிடாதீர்கள்.

நமக்கு வர வேண்டிய கடன்

கொடுக்க வேண்டியதைப் பற்றிப் பேசினேன். வர வேண்டியதை எப்படிக் கேட்பது?

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். என் கடன் நோட்டும் அதுவரை நீளும். நடவு முடிந்ததும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை குறைந்துவிடும். தை அறுவடை வரை பல வீடுகளில் கையில் காசு இருக்காது. இந்தக் கணக்கு தெரியாமல் ஐப்பசி அடைமழையில் பாக்கி கேட்பது கொடுமை. கேட்க வேண்டிய காலம் அறுவடைக்குப் பிறகு. கேட்க வேண்டிய இடம், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம். நாலுபேர் நிற்கும்போது தொகையை உரக்கச் சொல்லிக் கேட்பவர், பணத்தோடு சேர்த்து அந்த மனிதரின் மானத்தையும் வாங்கிவிடுகிறார். மானத்துக்கு நம்மிடம் எந்தக் கணக்கும் கிடையாது. துக்கம் நடந்த வீட்டில் கருமாதி முடியும்வரை நான் நோட்டைத் திறப்பதில்லை.

எல்லாக் கடனையும் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொடுக்க முடிந்தவரிடம் கேட்பதில் பாவம் இல்லை. கேட்காமல் மனதுக்குள் கறுவிக்கொண்டிருப்பதுதான் தவறு. கொடுக்கவே முடியாது என்று நமக்கு நன்றாகத் தெரிந்தால், அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அடித்தால், அவர் நம் கடைப்பக்கம் வராமல் சுற்றிப் போய்க்கொண்டேயிருப்பார். மத்தேயு பதினெட்டில் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன், வெளியே வந்து நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். நோட்டைத் திறக்கும்போது நான் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஐயரைத் தமிழ் வேதாகமத்துக்காகவும் அச்சுக்கூடத்துக்காகவும் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் கோட்டையில் நான்கு மாதம் சிறையில் இருந்ததைக் குறைவாகவே பேசுகிறோம். அதற்கு ஒரு காரணம் ஒரு கடன் வழக்கு. நாவிதர் ஒருவரின் விதவைக்கும் டேனியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவருக்கும் இடையே கடன் தகராறு. சீகன்பால்க் ஐயர் விதவைக்காகப் பேசினார். டேனியக் கோட்டைத் தளபதிக்கு அது பிடிக்கவில்லை. நானும் விதவை. கணவர் இறந்த மூன்றாம் மாதம், ‘அவர் எனக்கு இவ்வளவு தர வேண்டும்’ என்று சீட்டில்லாமல் கணக்குச் சொன்னவர்கள் என் கடைக்கும் வந்தார்கள். அன்று எனக்காக ஊர்ப் பெரியவர் ஒருவர், அவர் கிறிஸ்தவர் அல்ல, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “சீட்டு இருந்தால் காட்டுங்கள்” என்று கேட்டார். புதிதாக விதவையான ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், ஆறுதல் வசனத்தோடு அந்த நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கொடுப்பது

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தரங்கம்பாடி மீனவத் தெருக்களும் அதில் போயின. அடுத்த நாட்களில் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. பொத்தான் இல்லாத சட்டை, கிழிந்த சேலை, குளிர் நாட்டுக் கம்பளிச் சட்டை. சாலையோரத்தில் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தது. வீடு போனாலும் மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. என் கடைக்கு வந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டது மாதவிடாய்க்கான துணியும் ஒரு பிளாஸ்டிக் வாளியும். அதை யாரும் அனுப்பியிருக்கவில்லை.

ஆகையால் கொடுப்பதற்கு முன்பு கேளுங்கள். “என்ன வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்டால் “ஒன்றும் வேண்டாம்” என்றுதான் பதில் வரும். “அரிசி இருக்கிறதா? கேஸ் இருக்கிறதா? பிள்ளைக்கு மருந்து வாங்கியாயிற்றா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நீங்கள் உடுத்த மாட்டாததைக் கொடுக்காதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்று சொல்லப்பட்ட பிறகு, போன் எந்தக் கையில் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். ‘ஜெபித்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால் அன்றே ஜெபியுங்கள். ஜெபித்து எழுந்ததும் அடுப்படியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். “குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபுதான் கேட்கிறார்.

நாக்கு

ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுக் கதை பேசுவதை நிறுத்துங்கள். ‘இன்னாருடைய மகளுக்காக ஜெபிப்போம், அவள் புகுந்த வீட்டில் சரியாக இல்லையாம்’ என்று ஒருவர் தொடங்குவார். கண்ணை மூடுவதற்குள் முழுக் கதையும் வெளியே வந்துவிடும். சம்பந்தப்பட்டவரின் அனுமதி இல்லாமல் யார் பெயரும் வேண்டாம். “ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்” என்றால் போதும். கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

அந்நியர்

சில ஆண்டுகளாக எங்கள் பக்கம் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் வருகிறார்கள். மோட்டார் கொட்டகையில் தங்கி, விடியும் முன்பே வயலில் இறங்குகிறார்கள். முதல் ஆண்டு ஒருவர் கடைக்கு வந்து ‘நுன், நுன்’ என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன். உப்புப் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். மறுநாள் ஒரு அட்டையில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்: சால் என்றால் அரிசி, ஆலு என்றால் உருளைக்கிழங்கு, தேல் என்றால் எண்ணெய். அவர்களுக்குக் கடுகெண்ணெய் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்று தெரிந்து அதையும் வாங்கி வைத்தேன். சீகன்பால்க் ஐயர் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்று பெருமையாகச் சொல்கிறோம். நம் ஊருக்கு வந்தவருக்காக நாம் நான்கு சொல் கற்கலாம்.

அவர்களுக்கும் உள்ளூர்க்காரருக்கும் கூலி விஷயத்தில் பகை உண்டு. ‘இவர்கள் வந்துதான் எங்கள் வேலை போனது’ என்று நடவுப் பெண்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. என் இரண்டு ஏக்கருக்கு இங்குள்ள பெண்களையே கூப்பிடுகிறேன். கடையில் இருவருக்கும் ஒரே விலை.

ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு எங்கள் சாலை வழியாகக் காவி உடுத்தி நடந்து போகிறார்கள். அதில் கத்தோலிக்கர் உண்டு, இந்துக்களும் நிறைய உண்டு. நாங்கள் லுத்தரன்கள், மாதாவுக்கு நேர்ந்துகொள்ளும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதைக் காரணம் காட்டி எங்கள் வீட்டில் சிலர் ஒதுங்கி நின்றதும் உண்டு. கொப்புளம் வெடித்த காலுக்கு என்ன சபை? வாசலில் ஒரு குடம் தண்ணீர், உட்கார ஒரு பெஞ்சு, வெந்நீர், கொஞ்சம் பஞ்சு. துண்டுப்பிரசுரம் கொடுப்பதில்லை. அவர்கள் களைத்துப்போய் வருகிறார்கள்.

மன்னிப்புக் கேட்பது

நோட்டில் தீர்க்கக் கடினமான வரி இதுதான். நான் கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன். நேரில் போக வேண்டும், போனில் வேண்டாம். அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நம் வீட்டுக்கு வரவழைக்கக் கூடாது. செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும்: “அன்றைக்கு உங்கள் மகனைத் திருடன் என்று சொன்னேன். அது தவறு.” ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கக் கூடாது, புண்பட்டது என்று தெரிந்துதான் போகிறோம். பலர் முன்னால் சொன்ன வார்த்தை என்றால், பலர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். வரி வசூலித்த ஆயக்காரன் சகேயு தன் வீட்டில் எல்லோர் முன்னும் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்புகிறேன் என்றான். பணத்தால் வந்த குற்றத்துக்குப் பணமும் திரும்ப வேண்டும். அவர் உடனே மன்னிக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ‘கிறிஸ்தவர்கள் மன்னிக்க வேண்டுமே’ என்று அவருக்கு வசனம் சொல்லாதீர்கள். எழுந்து வந்துவிடுங்கள். அவருக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள்.

இந்தச் சனிக்கிழமைக்கு என் நோட்டில் மூன்று வரிகள் இருக்கின்றன. மின்சார மோட்டார் பழுது பார்த்த பையனுக்கு இருநூறு ரூபாய். பக்கத்துத் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவரைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. அவர் மனைவி அதற்குள் கடைக்கு இரண்டு முறை வந்துபோனார், நான் விசாரிக்கவில்லை. மூன்றாவது என் நாத்தனாரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை. அது மூன்று ஆண்டாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த பக்கத்துக்கு எழுதப்பட்டு வருகிறது. கடையை எட்டரைக்கு அடைப்பேன். அவர் வீடு பொறையாற்றில், கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது.